பள்ளி வாசலில் காவலா, வீட்டுக்குள் பூட்டா?

டெக்சாஸில் ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பாண்டு, அதாவது கடன் பத்திரம், வெளியிட மக்களிடம் அனுமதி கேட்டால், வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டே ஆகவேண்டும். 2019-ல் வந்த விதி அது. டாலஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் புறநகரில் அப்படி ஒரு சீட்டு வரப்போகிறது. கேட்கும் தொகையில் ஒரு பங்கு பள்ளிப் பாதுகாப்புக்கு: வேலி, கேமரா, வாசலில் இரட்டைக் கதவு, கண்ணாடி எளிதில் நொறுங்காமல் இருக்க ஒட்டும் படலம். எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக இதே பேச்சுதான். "துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த மாட்டாங்களாம், வேலி கட்ட மட்டும் நம்மகிட்ட காசு கேப்பாங்களாம். நான் வேண்டாம்னுதான் போடுவேன்" என்கிறார் ஒருவர். "ஆஸ்டின்ல சட்டம் மாறுறவரைக்கும் என் பிள்ளை திறந்த பள்ளிக்கூடத்துக்குப் போகணுமா?" என்று மாநிலத் தலைநகரைச் சுட்டிக் கேட்கிறார் இன்னொருவர். குழுவில் பாதிப் பேருக்கு இங்கே வாக்குரிமை இல்லை. ஹெச்-1பி விசா, கிரீன் கார்டு என்று இருக்கிறார்கள். வரி மட்டும் எல்லார் வீட்டுக்கும் வருகிறது.

என் மகள் இரண்டாம் வகுப்பு. இந்த ஆண்டு பள்ளி திறப்பதற்கு முன் காலணி வாங்கப் போனோம். நடந்தால் குதிகாலில் சிவப்பும் நீலமுமாக மின்னுமே, அந்தக் காலணி மேல் அவளுக்குப் போன வருடம்வரை அவ்வளவு ஆசை. இந்த முறை எடுத்துக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "வேண்டாம்மா, லாக்டவுன்ல லைட் ஆஃப் பண்ணிட்டு உக்காருவோம்ல, இது மின்னும்." துப்பாக்கிக்காரன் வந்தால் ஒளிந்துகொள்ளப் பள்ளியில் நடத்தும் ஒத்திகைதான் அந்த லாக்டவுன். அதில் சொல்லித்தருவது 'லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட்': கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாத மூலைக்குப் போ. ஏழு வயதுக் குழந்தை அதைத் தன் காலணிவரை யோசித்து வைத்திருக்கிறாள். கடையில் நின்றபடி எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றிரவுதான் இந்தக் கணக்கைப் போட்டே தீருவது என்று உட்கார்ந்தேன்: நம் கையில் இருக்கும் பணமும் வாக்கும் எங்கே போனால் அதிகப் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள்?

ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். பள்ளித் தாக்குதல்களில் பயன்பட்ட துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிகள் கொலையாளியின் தாய் சட்டப்படி வாங்கியவை. அந்தத் தாயையே வீட்டில் முதலில் சுட்டுவிட்டுத்தான் அவன் பள்ளிக்குப் போனான். 2018 மே மாதம் இதே டெக்சாஸில் சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேர் இறந்தார்கள். ஷாட்கன்னும் ரிவால்வரும் அப்பாவுடையவை. 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 4 மாணவர்கள் இறந்தார்கள். அந்தப் பிஸ்டலைத் தந்தை வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில் 2 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். சுட்டதாகக் கைதான பையனுக்கு வயது 14. ரைஃபிள், அப்பா வாங்கிக் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு என்கிறது காவல்துறை.

இன்னொரு வகையும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேரைக் கொன்றவனும், 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவனும் ரைஃபிளைத் தாங்களே கடையில் சட்டப்படி வாங்கினார்கள், 18 வயதில். யுவால்டிக்காரன் 18 நிறைந்த சில நாள்களுக்குள் வாங்கினான். கூட்டரசுச் சட்டப்படி கடைக்காரர் 21 வயதுக்குக் கீழ் இருப்பவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. ரைஃபிளுக்கு 18 போதும்.

அமெரிக்க அதிபருக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சர்வீஸ் 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை அலசி 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி பயன்பட்ட சம்பவங்களில் நான்கில் மூன்றில் அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. பலவற்றில் அது பூட்டாமலே கிடந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு செலவுப் பட்டியலைப் பார்த்தால் பல விஷயங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

சரி, எல்லாரும் முதலில் கேட்கும் வழிக்கு வருவோம்: வாசலில் ஆயுதம் ஏந்திய காவலர். யுவால்டிக்குப் பிறகு டெக்சாஸ் 2023-ல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதக் காவலர் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு மாநிலம் கொடுத்தது வளாகத்துக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர். 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 21,000 டாலர். 2025-ல் தொகையை வளாகத்துக்கு 33,540, மாணவருக்கு 20 என்று உயர்த்தினார்கள். அதே பள்ளிக்கு 45,540 டாலர் வரும். ஒரு காவலருக்கு ஊதியம், காப்பீடு, பயிற்சி, வண்டி எல்லாம் சேர்த்தால் பொதுவாக இதைவிட நிறையவே ஆகும். மீதி மாவட்டத்தின் தலையில். நாடு முழுக்க ஏறக்குறைய 98,000 அரசுப் பள்ளிகள். ஆளுக்கு 80,000 டாலர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால்கூட ஆண்டுக்கு 800 கோடி டாலரை நெருங்கும். அதுவும் ஒரே தடவை செலவு இல்லை, ஆண்டுதோறும்.

கிடைப்பது என்ன? 1999-ல் கொலம்பைன் பள்ளியில் ஆயுதக் காவலர் இருந்தார், கொலையாளிகளோடு துப்பாக்கிச் சண்டையும் போட்டார். 13 பேர் இறந்தார்கள். பார்க்லேண்டில் இருந்தவர் கட்டடத்துக்குள் போகவே இல்லை. சாண்டா ஃபேயில் இரண்டு பேர் இருந்தார்கள். உள்ளே எதிர்கொண்டதில் ஒருவர் சாகும் நிலைக்குப் போய்த் திரும்பினார். யுவால்டி பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தக் காவல்துறையே இருந்தது. அன்று அங்கே கூடியவர்கள் 376 காவலர்கள், அறைக்குள் நுழைய எடுத்துக்கொண்டது 77 நிமிடம். அந்தத் தாழ்வாரத்தின் வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. 1980 முதல் 2019 வரையிலான 133 சம்பவங்களை எடுத்து 2021-ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. காவலர் இருந்த பள்ளிகளில் பாதிப்பு குறைந்ததாக அதில் தெரியவில்லை. இறப்பு விகிதம் அதிகமாகத்தான் இருந்தது. காவலர் இருந்ததுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. சாகத் துணிந்து வருபவனை ஒரு சீருடை தடுக்காது என்பதைச் சொல்லலாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். அப்பலாச்சியில் ஆசிரியர்களின் அடையாள அட்டையிலேயே அவசரப் பொத்தான் இருந்தது, அதை அழுத்தினார்கள். பள்ளிக் காவலர்கள் சில நிமிடங்களில் அவன் முன்னால் போய் நிற்க, அவன் சரணடைந்தான். இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்களோ. காவலரால் தாக்குதலின் நேரம் குறையலாம். ஆனால் முதல் தோட்டாவுக்குப் பிறகுதான் அவர் வேலையே தொடங்குகிறது. நான்கு குடும்பங்களுக்கு அது தாமதம்.

காவலருக்குக் காசில்லாத சின்ன மாவட்டங்கள் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து அவர்களையே துப்பாக்கி வைத்திருக்கச் சொல்கின்றன. டெக்சாஸில் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. செலவு குறைவுதான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 2023 ஜனவரியில் இந்த மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில், பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியே தன் துப்பாக்கியைப் பள்ளிக் கழிப்பறையில் மறந்து வைத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. துப்பாக்கி வரக்கூடாது என்று வேலி கட்டும் இடத்துக்குள் நாமே அதைக் கொண்டுபோய் வைப்பதா?

மெட்டல் டிடெக்டர், செயற்கை நுண்ணறிவு ஸ்கேனர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் 2,000 பிள்ளைகள் வரிசையில் நின்றால், அந்த வரிசையே வெட்டவெளியில் நிற்கும் கூட்டம். ஸ்கேனர் எல்லா ஆயுதத்தையும் கண்டுபிடிக்கும் என்று சொல்லிப் பள்ளிகளுக்கு விற்ற ஒரு நிறுவனத்தின் மீது கூட்டரசு வணிக ஆணையமே 2024-ல் நடவடிக்கை எடுத்தது. சில பள்ளிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளவும் வழி செய்தது. பள்ளிப் பாதுகாப்புச் சாதனங்களும் சேவைகளும் இந்த நாட்டில் ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் புரளும் வியாபாரம். ஒவ்வொரு துயரத்துக்கும் அடுத்த வாரமே விற்பனைப் பிரதிநிதி மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் கதவு? அது வேறு விஷயம். வாட்ஸ்அப்பில் 'வேண்டாம்' என்றவரோடு நான் மாறுபடுவது இங்கேதான். சாண்டி ஹூக்கை ஆராய்ந்த ஆணையம், பூட்டிய வகுப்பறைக் கதவை உடைத்துக்கொண்டு கொலையாளி உள்ளே போன சம்பவம் ஒன்றுகூட இல்லை என்று தன் இறுதி அறிக்கையில் எழுதியது. அந்தப் பள்ளியின் முன்கதவும் பூட்டித்தான் இருந்தது, ஆனால் பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்துவிட்டான். 2023 மார்ச்சில் நாஷ்வில் கவனன்ட் பள்ளியிலும் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் நுழைவு. அதனால்தான் இப்போது கண்ணாடிக்குப் படலம் ஒட்டுகிறார்கள். அது குண்டைத் தடுக்காது. நுழைவதைத் தாமதப்படுத்தும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் முப்பது குழந்தைகள் மூலைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம்.

யுவால்டியில் இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை 2022 ஜூலையில் வந்தது. மேற்கு வாசல் கதவு சாத்தியிருந்தது, பூட்டு விழவில்லை. 111-ஆம் அறையின் பூட்டு சரியாக மாட்டாது என்பது பள்ளியில் பலருக்கும் தெரியும். சரிசெய்யச் சொல்லி வேலைச் சீட்டு ஒன்றுகூடப் போகவில்லை. சாவிக்குத் தட்டுப்பாடு. மாற்று ஆசிரியர்கள் வந்தால் கதவுக்குக் கல்லோ காந்தமோ முட்டுக்கொடுத்து வைப்பது வழக்கம். இங்கே இல்லாமல் போனது பெரிய பணம் அல்ல. ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர், ஒரு சாவிக் கொத்து, மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்க்கும் ஒரு கை. புதிய கேமராவைவிட அந்தப் பட்டியலைத்தான் நான் மாவட்டத்திடம் கேட்பேன்: நம் பள்ளிகளில் எத்தனை கதவு, கடைசியாக எப்போது சோதித்தீர்கள், எத்தனை வேலைச் சீட்டு பாக்கி?

பாண்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், சாதனம் வாங்கலாம். ஊதியம் கொடுக்க முடியாது. வேலி வாங்கலாம், கவுன்சிலரை (மாணவர்களின் பேச்சைக் கேட்டு உதவும் பள்ளி ஆலோசகரை) நியமிக்க முடியாது. ஆளுக்கான பணம் வேறு வரி, வேறு வாக்கெடுப்பு, மாநிலம் தரும் நிதி என்று இன்னொரு பையிலிருந்து வர வேண்டும். பள்ளிகளில் கேமரா பெருகி, பேச்சைக் கேட்க ஆளில்லாமல் போவதற்கு இந்த விதிக்கும் பங்கு உண்டு. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அந்தத் துறையின் சங்கமே சொல்லும் அளவு. நாட்டின் சராசரி 370-க்கு மேல்.

அந்த ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் காலை நேரத்தைச் சொல்வேன். கணக்குத் தாளில் பையன் துப்பாக்கி படம் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். ஆசிரியை பார்த்துவிட்டார். அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள், பெற்றோரை வரவழைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது. பெற்றோர் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக மறுத்தார்கள். தாங்கள் துப்பாக்கி வாங்கியதைச் சொல்லவில்லை. பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. வகுப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் சுடத் தொடங்கினான். இப்படிப்பட்ட நேரத்தில் யார் என்ன கேட்க வேண்டும், எதை முடிவு செய்ய வேண்டும் என்பதற்குப் பயிற்சி பெற்ற குழு ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும் என்று வர்ஜீனியா 2013-லேயே சட்டம் போட்டது. டெக்சாஸிலும் 2019 முதல் சட்டம் இருக்கிறது. குழுவில் உட்காரும் கவுன்சிலருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சீக்ரெட் சர்வீஸ் அறிக்கைகளில் ஒன்று மாறாமல் வருகிறது: பெரும்பாலான தாக்குதல்களில், நடக்கப்போவது யாராவது ஒரு சக மாணவனுக்காவது முன்பே தெரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளை நம்பிப் போய்ச் சொல்ல ஒரு பெரியவர் அந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டும்.

இனி துப்பாக்கிப் பக்கம்.

'எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கு' என்பது இங்கே பேச்சுக்கே உதவாது. பொதுமக்கள் கையில் 39 கோடிக்கு மேல் இருக்கின்றன என்பது 2018-ன் மதிப்பீடு. ஆள் எண்ணிக்கையைவிட அதிகம். அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தனிமனித உரிமையைக் காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2022-ல் புரூன் வழக்கின் தீர்ப்பு அந்த உரிமையை இன்னும் வலுவாக்கியது. ஆகவே தேர்வு சில குறிப்பான சட்டங்களுக்கு நடுவில்தான்.

பார்க்லேண்ட், யுவால்டி வகைக்கு, அதாவது கடையில் தானே வாங்குபவனுக்கு, இரண்டு தடைகள் பொருந்தும். ஒன்று, ரைஃபிளுக்கும் 21 வயது. இன்னொன்று ரெட் ஃப்ளாக் சட்டம்: ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைப்பது. பார்க்லேண்ட் நடந்து 23-ஆம் நாள், குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட ஃப்ளோரிடா சட்டத்தில் இரண்டும் உண்டு. வாங்குவதற்கு மூன்று நாள் காத்திருப்பும் உண்டு. அதே சட்டத்தில்தான் பள்ளிதோறும் ஆயுதக் காவலரும், மொத்தமாகச் சுமார் 40 கோடி டாலர் நிதியும். துப்பாக்கிக் கட்டுப்பாடா பள்ளிப் பாதுகாப்பா என்று இரண்டு அணியாகப் பிரிந்து நிற்காமல் ஒரே மசோதாவில் இரண்டையும் கட்டி எழுப்ப முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை. துப்பாக்கி உரிமைக்காக நிற்கும் தேசிய ரைஃபிள் சங்கம் அன்றே வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 21 வயது விதி செல்லும் என்றது.

டெக்சாஸில் கதை வேறு. 2023 மே 6 அன்று இங்கிருந்து பக்கத்திலேயே ஆலன் ஊரின் அவுட்லெட் மாலில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் உண்டு, இந்தியாவிலிருந்து வந்த ஓர் இளம் பெண் பொறியாளரும் உண்டு. நாங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடம் அது. இரண்டு நாள் கழித்து, யுவால்டி பெற்றோர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த 21 வயது மசோதா சட்டமன்றக் குழுவில் 8-க்கு 5 என்று தேறியது. குடியரசுக் கட்சியினரிலும் இருவர் ஆதரித்தார்கள். அப்புறம் கெடு தாண்டிவிட்டது என்று அவைக்கு வராமலே செத்தது. 2025-ல் ரெட் ஃப்ளாக் உத்தரவுகளையே மாநிலத்தில் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தப் பெற்றோர் ஒவ்வொரு முறையும் தங்கள் பிள்ளையின் படத்தை ஏந்திக்கொண்டு ஆஸ்டினுக்குப் பல மணி நேரம் வண்டியோட்டிப் போனார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

செலவு என்று பார்த்தால் இந்தச் சட்டங்களுக்குப் பள்ளி மாவட்டம் ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. நீதிமன்ற நேரம், காவல்துறை வேலை, வழக்குச் செலவு உண்டு. ஆனால் நடந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்கூட்டியே வந்த எச்சரிக்கையை எஃப்.பி.ஐ கோட்டைவிட்டதற்காகப் பார்க்லேண்ட் குடும்பங்களுக்குக் கூட்டரசு கொடுத்த இழப்பீடு 12.75 கோடி டாலர். பள்ளி மாவட்டம் கொடுத்தது 2.5 கோடி. சாண்டி ஹூக்கில் பழைய பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்ட மாநிலம் ஒதுக்கியது சுமார் 5 கோடி.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: வீட்டில் பூட்டு. நான்கில் மூன்று என்ற அந்த எண்ணுக்கு நேராகப் போய் நிற்கும் ஒரே வழி இதுதான். டெக்சாஸில் இதற்குச் சட்டம் இருக்கிறது, ஆனால் பூட்டாமல் வைத்தது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்குப் போனால்தான் குற்றம். சாண்டா ஃபே மாணவனுக்கு 17 ஆகியிருந்தது. சட்டம் அவன் வீட்டைத் தொடவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பெற்றோர் இருவரும் 2024-ல் தண்டனை பெற்று 10 முதல் 15 ஆண்டு சிறைக்குப் போனார்கள். அந்தச் சம்பவம் நடந்தபோது மிச்சிகனில் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் கிடையாது; 2024 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாக எல்லா ஆய்வுகளையும் சலித்துப் பார்த்ததில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையோரின் தற்கொலையையும் விபத்துக் காயங்களையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொல்கிறது. பள்ளி வேலிக்கு அந்தச் சக்தி இல்லை. 2020-லிருந்து இந்த நாட்டில் பிள்ளைகள், பதின்வயதினர் இறப்பதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான். கொலைகளில் பள்ளியில் நடப்பது 3 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் வீடும் தெருவும்.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? எங்கள் வட்டத்தில் ஓர் அண்ணா இருக்கிறார், பெயர் வேண்டாம். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததும் பிஸ்டல் வாங்கினார். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறையில் நின்றபடி கேட்டுவிட்டேன். "எங்கண்ணா வச்சிருக்கீங்க?" "பெட்ரூம் அலமாரி மேல்தட்டுலம்மா, சூட்கேஸுக்குப் பின்னாடி. பசங்களுக்குத் தெரியாது." அவருடைய மூத்த பையனுக்கு 14 வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். அந்தச் சூட்கேஸை ஊருக்குப் போகும்போதெல்லாம் இறக்குவதே அவன்தான். அண்ணி என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. "திருடன் வரும்போது சாவி தேடிக்கிட்டா இருக்க முடியும்?" என்றார் அண்ணா. நியாயமான கேள்விதான். அதற்கு விடை கைரேகையிலோ எண்ணிலோ சட்டென்று திறக்கும் சின்னப் பெட்டி. நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கிறது, டெக்சாஸில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சாதனங்களுக்கு விற்பனை வரிகூடக் கிடையாது. துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டும் கம்பிப் பூட்டைப் பல காவல் நிலையங்களில் சும்மாவே கொடுக்கிறார்கள். அவர் "பாக்கலாம்மா" என்றார். வாங்க மூன்று மாதம் ஆனது. இடையில் இரண்டு முறை அண்ணியிடம் போன் போட்டுக் கேட்டேன். சங்கடமாகத்தான் இருந்தது.

அதைவிடச் சங்கடம், மகளின் தோழி வீட்டில் ஸ்லீப்ஓவருக்கு, அதாவது இரவு தங்க, அழைத்தபோது அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டது. வேர்க்கடலை ஒவ்வாமை, நாய் உண்டா, நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி இருக்கிறதா என்று கேட்டேன். குழந்தை மருத்துவர்கள் கேட்கச் சொல்வது இதைத்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று இருக்கின்றன, எல்லாம் கராஜில் இரும்புப் பெட்டகத்தில், தோட்டா தனியாக என்றார். பிறகு, இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பாண்டுக்கு 'சரி' என்றுதான் போடப்போகிறேன், பூட்டுக்காகவும் கண்ணாடிக்காகவும். கேமராவுக்கும் ஸ்கேனருக்கும் ஒதுக்கியிருப்பதைக் குறைக்கச் சொல்லி மாவட்டக் குழுக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ஆயுதக் காவலருக்கு மாநிலம் தரும் தொகைக்கு மேல் நம் வரிப்பணத்தைக் கூட்டுவதா, அதில் கவுன்சிலரை வைப்பதா என்று வந்தால் என் கை கவுன்சிலர் பக்கம்தான். மாநில அளவில் இரண்டே இரண்டு கேட்பேன்: பூட்டும் சட்டத்தில் அந்த 17 வயது எல்லையை உயர்த்துவது, ரைஃபிளுக்கு 21 வயது. வாக்குரிமை இல்லாதவர்கள் குழுவில் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். கூட்டத்துக்கு வந்து பேச மாவட்டத்தில் வசித்தால் போதும், குடியுரிமை தேவையில்லை. இதுவரை நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பிப் பூட்டுகளை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு மேசை போட்டு வைக்கிறோம், யாரும் பெயர் சொல்ல வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம்.